தட்டானைப் பார்த்து விழுந்தவர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி அந்தக் கார் ஷோரூமில் முதலாளி முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'சரிங்க'தான். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுகிற சொல் அது. "இந்த ஞாயித்துக்கிழமையும் வந்துடு" என்றால் "சரிங்க." "உங்க குடையை எடுத்துட்டுப் போறேன்" என்றால், வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்துக்கொண்டே "சரிங்க." ஒருமுறை பல் மருத்துவர் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, "வலிக்கறது இந்தப் பல்லுதானே?" என்று வேறொரு பல்லைத் தொட்டுக் கேட்டார். அதற்கும் சரிங்க என்று சொல்லி, நல்ல பல்லைப் பறிகொடுத்துவிட்டு, சொத்தைப் பல்லோடு வீடு திரும்பிய மனிதர்.

முடியாது என்ற சொல் அவருக்குத் தெரியாது என்றில்லை. தொண்டை வரைக்கும் வரும். வந்து, அழைக்காத வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளியைப் போலக் கூச்சப்பட்டு நின்று, வந்த வழியே திரும்பிப் போய்விடும். நாற்பத்து மூன்று வயதுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம்.

அந்த வருடம் மழை விட்ட மூன்றாம் நாள், ஷோரூமின் முகப்பில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. புது ரகம். தலைமை அலுவலகம் காட்சிக்காக அனுப்பியது. முதலாளி அதைத் தினமும் மூன்று தடவை மெழுகு போட்டுத் துடைக்கச் சொன்னார். அதன் என்ஜின் மூடியின் மேல் குனிந்து தலை வாரிக்கொள்ளலாம். மேலே போகிற மேகம் உள்ளே போவதுபோல் தெரியும். முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான்காம் நாள் காலையில் தட்டான்கள் வந்தன.

முதலில் ஒன்று. வைப்பர் நுனியில் உட்கார்ந்து, நான்கு சிறகையும் முன்பக்கம் சாய்த்து, வாடகை பேசி முடித்தவர் போல் சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு ஆன்டெனா நுனியில் ஒன்று, பக்கக் கண்ணாடியில் ஒன்று. பத்து மணிக்கெல்லாம் இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. சில பறந்துகொண்டே வாலை வளைத்து, பளபளக்கும் மூடியின் மேல் டொக், டொக் என்று தொட்டுத் தொட்டு எழுந்தன. தொட்ட இடமெல்லாம் கடுகில் பாதி அளவுக்குப் பிசுபிசுப்பாய் ஏதோ ஒட்டியது. கார் பார்க்க வந்த ஒருவரின் மூக்குக்கு நேரே வந்து ஒரு தட்டான் அந்தரத்தில் நின்றது. ஆளை மேலும் கீழும் அளந்து பார்த்தது. திரும்பிப் போய் வைப்பரில் உட்கார்ந்துகொண்டது. அந்த மனிதர், "அப்புறம் வரேன்" என்று போனவர் போனவர்தான்.

முதலாளி உள்ளேயிருந்து கத்தினார். "சரிங்க! இது உன் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள இங்க ஒரு தட்டான் இருக்கக் கூடாது."

"சரிங்க" என்றார் சரிங்க.

துணியை வீசி விரட்டினார். துணி எங்கே வரப்போகிறது என்பது துணிக்குத் தெரியுமுன் தட்டானுக்குத் தெரிந்திருந்தது. பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து காரின் பக்கம் திருப்பி வைத்தார். அவை காற்றுக்கு முதுகைக் கொடுக்காமல் முகத்தைக் கொடுத்து சொகுசாக மிதந்தன. பொம்மைக் கடையில் ஒரு பிளாஸ்டிக் கழுகு வாங்கிக் காரின் கூரையில் வைத்தார். ஐந்து நிமிடத்தில் ஒரு தட்டான் கழுகின் மூக்கு நுனியில் உட்கார்ந்து வெயில் காய்ந்தது. கடைசியில் தார்ப்பாய் போட்டுக் காரை மூடினார். முதலாளி ஓடிவந்தார்.

"என்னய்யா இது? கல்யாணப் பொண்ணைக் கோணிப்பையில போட்டா கூட்டிட்டு வருவாங்க? எடு!"

"சரிங்க."

அந்த நேரத்தில்தான் சின்ன வெள்ளைக் கார் ஒன்று பார்க்கலாமென்று ஒரு பெண் உள்ளே வந்தாள். சரிங்கவின் வயதுதான் இருக்கும். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். கறுப்புக் காரைப் பார்த்ததும் வெள்ளைக் கார் அவளுக்கு மறந்துபோனது. தோள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். காவலாளியின் நாற்காலியைக் கேட்காமலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுநாள் மடக்கு ஸ்டூலோடு வந்தாள். மூன்றாம் நாள் மதிய உணவோடு வந்தாள். நாற்காலியை இழந்த காவலாளி அவளுக்குப் 'பூச்சி டீச்சர்' என்று பெயர் வைத்தார்.

"இதுங்க ஏன் மேடம் இங்கேயே வருது?" என்று சரிங்க கேட்டார். "பின்னாடி தெருவுலயே பெரிய குட்டை இருக்கே."

"அதுங்களுக்கு இதுதான் குட்டை" என்றாள் டீச்சர், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "தண்ணி மேல பட்டுத் திரும்பற வெளிச்சத்துக்கு ஒரு தனி வாகு இருக்கு. நம்ம கண்ணுக்கு அது தெரியாது, தும்பிக்குத் தெரியும். நீங்க போட்ட மெழுகுல இந்தக் கறுப்பு மூடி அந்தக் குட்டையைவிட நல்ல குட்டையாத் தெரியுது. அதான் முட்டை போடுது. வெயில்ல காஞ்சா பெயின்ட்டைக்கூட அரிச்சிடும்."

"அரிச்சிடுமா!"

"அரிக்கும். ஆனா அதை விடுங்க, அந்த வைப்பர்ல இருக்கானே, அவனைப் பாருங்க. அது அவன் எல்லை. இன்னொரு ஆண் வந்தா துரத்துவான். பொண்ணு வந்தா விடமாட்டான். தும்பிக்குக் கால் ஆறு இருக்கு, ஆனா ஒரு அடி நடக்க வராது. அந்த ஆறையும் கூடை மாதிரி கூட்டி, பறக்கற கொசுவை அப்படியே அள்ளும். இரையோட பின்னாடி ஓடாது. அது எங்க வந்து சேரும்னு கணக்குப் போட்டு அங்க போய் நிக்கும். நூறு தடவை போனா தொண்ணூறு தடவைக்கு மேல இரையோடதான் திரும்பும். சிங்கம்கூட இதுகிட்ட பாடம் படிக்கணும்."

"அப்படிங்களா?"

"குஞ்சா இருக்கறப்போ தண்ணிக்குள்ளதான் வாசம். மூச்சு விடறதும் பின்பக்கமா, அவசரம்னா பின்பக்கமா தண்ணியைப் பீய்ச்சி ராக்கெட் மாதிரி பாயறதும் அதே வழியா."

சரிங்க திரும்பி முதலாளியின் அறையைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு பெண் தட்டான் மூடியில் வாலைத் தொட்டு எழுந்தது. வைப்பர்க்காரன் பாய்ந்தான், ஆன்டெனாக்காரனும் பாய்ந்தான், கழுகு மூக்கிலிருந்தவனும் விடவில்லை. மூன்று பேர் துரத்த, அது ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று சுற்றியது. பிறகு பறந்துகொண்டிருந்த உயரத்திலிருந்து, கல்லை விட்டெறிந்த மாதிரி, தரையில் தொப்பென்று விழுந்தது. மல்லாந்து, கால்களை மடக்கி, அசையாமல் கிடந்தது. துரத்தி வந்த மூவரும் மேலே இரண்டு வட்டம் போட்டுவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள்.

"அய்யோ, செத்துப்போச்சே!" சரிங்கவுக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து எடுக்கப் போனார். விரல் படுவதற்குள் அது சட்டென்று புரண்டு எழுந்து, அவர் காதை உரசிக்கொண்டு குட்டைப் பக்கம் பறந்துவிட்டது.

டீச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டாள். "பாத்தீங்களா? பாத்தீங்களா? செத்த மாதிரி நடிப்பு! சில இனத்துலதான் இது உண்டு. தொல்லை தாங்கலைன்னா பொம்பளைத் தும்பி இப்படி விழுந்து கிடக்கும். தொல்லை போனதும் எழுந்து போயிடும்."

"எழுந்து போயிடுமா?"

"அது பாட்டுக்குப் போயிடும்."

சரிங்க அன்று மாலை வரைக்கும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனபோது மனைவியின் தம்பி வந்திருந்தான். மச்சினன் வந்தாலே ஏதாவது ஒன்று வீட்டில் மிச்சமாகும். முதல் தடவை ஒரு கிளி. "ரெண்டே நாள் மாமா" என்று விட்டுப்போனான். நான்கு வருடமாகக் கிளி இருக்கிறது. அடுத்தது உடற்பயிற்சி சைக்கிள். துணி காயப்போட உதவுகிறது. இந்த முறை அவன் கூடத்தில் ஒரு பித்தளைக் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழலின் வாய்க்குள் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு அகலம்.

"மாமா, நாங்க ஏழு பேரு சேர்ந்து பேண்டு வாத்தியக் குழு ஆரம்பிச்சிருக்கோம். நான் குடியிருக்கற வீட்டு ஓனர் ஊதக் கூடாதுன்னுட்டாரு. உங்க கூடம்தான் நல்லா எதிரொலிக்குது. தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம். என்ன சொல்றீங்க?"

வாசலில் ஆறு பேர் ஆறு பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். ஒருவன் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டான்.

சரிங்க வாயைத் திறந்தார். "ச..." என்று வந்தது. முடியாது என்பதும் தொண்டைக்கு வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. அவர் யோசித்துச் செய்யவில்லை. பிறகு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தபோதும் அந்த முதல் தடவை தானாகத்தான் நடந்தது என்றே அவருக்குத் தோன்றியது. நின்ற வாக்கிலேயே பின்னால் சரிந்து, மல்லாந்து, கைகளை மார்பில் மடக்கிக்கொண்டு கூடத்தின் நடுவே விழுந்தார்.

"மாமா! அக்கா, மாமாவைப் பாரு!"

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். அவர் பக்கத்தில் குனிந்து முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "சத்தம் ஆகாதுபோல. நீங்க கிளம்புங்க" என்றாள் தம்பியிடம். ஏழு பேரும் பூனை நடையில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திய ஓசை கேட்டு, படிக்கட்டில் காலடி தேய்ந்த பிறகு சரிங்க ஒரு கண்ணைத் திறந்தார்.

"சாப்பிட வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அன்று அவர் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தவற்றை அவர் குற்றம் என்று நினைக்கவில்லை. மருந்து என்றுதான் நினைத்தார். சனிக்கிழமை முதலாளி, "நாளைக்கு வந்து முட்டையெல்லாம் சுரண்டிடு" என்று ஆரம்பித்ததும், கோப்பு அலமாரிக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் நடுவே இருந்த இடத்தில் விழுந்தார். திங்கட்கிழமை கார் பார்க்க வந்த ஒரு வாடிக்கையாளர், தான் எழுதிய பாட்டையும் ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும் என்றார்; இரண்டாம் அடியிலேயே விழுந்தார். மாடி வீட்டுக்காரர் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கச் சொன்னபோது படிக்கட்டு என்பதால் முதலில் உட்கார்ந்து, பிறகு விழுந்தார். பயத்தில் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். மருத்துவர் ரத்தம், இதயம், மூளை எல்லாவற்றையும் பார்த்து, "குதிரை மாதிரி இருக்கீங்க. எங்க நடைப்பயிற்சிக் குழுவுல சேர்ந்துடுங்களேன், காலையில நாலரைக்கு" என்றார். பரிசோதனை மேஜையிலேயே படுத்திருந்ததால் அவருக்கு வேலை மிச்சம். தலையை மட்டும் ஒரு பக்கம் தொங்கவிட்டார்.

ஊர் வாயை மூட உலை மூடி உண்டா? சரிங்கவிடம் எதுவும் கேட்காதே, ஆள் பொட்டென்று போய்விடுவார் என்று பேச்சுப் பரவியது. முதலாளி அவரிடம் பேசுவதற்குமுன் ஒரு தலையணையைத் தேடுகிற அளவுக்கு வந்துவிட்டார். எடுத்துப்போன குடை ஒன்று தானாகத் திரும்பி வந்தது. அவருடைய நடையில்கூட ஒரு மிடுக்கு சேர்ந்தது.

ஆனால் காவலாளி முட்டாள் இல்லை. டீச்சர் ஸ்டூல் போட்ட இடத்துக்கும் அவர் நின்றுகொண்டிருந்த இடத்துக்கும் நான்கடிதான் தூரம். தட்டான் விழுந்ததையும் பார்த்தார், சரிங்க விழுந்ததையும் பார்த்தார். இரண்டையும் கூட்டிப் பார்த்தார். முதலாளி அவரை வெயிலில் நின்று தட்டான் ஓட்டச் சொன்ன அன்று, தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

சரிங்க அவர் காதருகே குனிந்து கிசுகிசுத்தார். "என்னண்ணே, நீங்களுமா?"

"நீ விழுந்தா நோயி, நான் விழுந்தா நடிப்பா?" என்றார் காவலாளி, உதடு அசையாமல். "தள்ளு. வெளிச்சத்தை மறைக்காதே."

மறுநாள் பில் போடுகிற பெண் விழுந்தாள். அதற்கு மறுநாள் வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு போய்க் காரை ஓட்டிக்காட்டும் ஓட்டுநர். நல்லவேளை, கார் நின்றுகொண்டிருந்தது. விழுவதற்கென்று ஆளாளுக்கு ஓர் இடம் அமைந்துவிட்டது. ஒருவர் இடத்தில் இன்னொருவர் விழுந்தால் முகம் சுளித்தார்கள். பில் போடும் பெண் தன் இடத்தில் ஒரு சின்ன விரிப்பே போட்டு வைத்திருந்தாள். பூச்சி டீச்சர் வெளியே தும்பிக்கு ஒரு பக்கம், உள்ளே இவர்களுக்கு ஒரு பக்கம் என்று நோட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் அம்மா வந்து இறங்கினார். உயரமானவர்; காலணி ஓசையே கேள்வி கேட்பதுபோல் இருக்கும். நேராகக் கறுப்புக் காரிடம் போனார். மூடியில் விரலால் தடவினார். மெழுகுக்கடியில் அம்மைத் தழும்பு போல் புள்ளி புள்ளியாகப் பெயின்ட் வெந்துபோயிருந்தது. வைப்பரில் இருந்த தட்டான் அவர் மூக்குக்கு நேரே வந்து நின்று ஆளை அளந்தது. அவரும் அதை அளந்தார். தட்டான்தான் முதலில் பின்வாங்கியது.

உள்ளே வந்தார். "யார் இதுக்குப் பொறுப்பு?"

முதலாளி கையை நீட்டினார். "இவர்தான் மேடம்."

"சொல்லுங்க. என் காரை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

சரிங்க விழுந்தார். சுத்தமான விழுகை, இத்தனை நாள் பழக்கம் வீண்போகவில்லை.

ஆய்வாளர் அம்மா திடுக்கிட்டு, பில் மேஜையில் இருந்த பெண்ணின் பக்கம் திரும்பினார். "என்னம்மா ஆச்சு இவருக்கு?"

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு, விரிப்பின் மேல் விழுந்தாள். ஓட்டுநர், தன் பக்கம் பார்வை வருவதற்குள்ளேயே விழுந்தார். வாசலில் இருந்த காவலாளி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். வெயில் படாத இடமாகத் தேடிப் பார்த்து விழுந்தார்.

ஆய்வாளர் அம்மா மெதுவாக முதலாளியின் பக்கம் திரும்பினார். முதலாளியின் நெற்றியில் வியர்வை. சரிங்கவைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கதவு தூரத்தில் இருந்தது. "மேடம், அது வந்து..." என்றார். பிறகு கால்சட்டை மடிப்பு கலையாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, முதலில் ஒரு முழங்கால், அப்புறம் இன்னொரு முழங்கால், அப்புறம் ஒரு கை என்று தவணை முறையில் தரையில் சாய்ந்தார்.

"விஷவாயு!" என்று கத்திக்கொண்டே ஆய்வாளர் அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வெளியே ஓடினார்.

தீயணைப்பு வண்டி ஒன்பது நிமிடத்தில் வந்தது. முகமூடி போட்ட ஆட்கள் ஐந்து பேரையும் தூக்கிக்கொண்டு வந்து கறுப்புக் காருக்கு முன்னால், நல்ல காற்று வரட்டுமென்று, வரிசையாகக் கிடத்தினார்கள். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. இப்போது எழுந்தால் மானம் போகும். எழாவிட்டால் ஊசி போடுவார்கள். சரிங்க கண்ணை இறுக்கி மூடியபடி, பக்கத்தில் கிடந்த முதலாளியின் மூச்சு தன்னுடைய மூச்சைவிட வேகமாக ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சரிங்கவின் மூக்கு நுனியில் ஏதோ லேசாக வந்து உட்கார்ந்தது. நடக்கத் தெரியாததால் அது ஊரவில்லை. அதுவரைக்கும் புண்ணியம்.

பூச்சி டீச்சர் நோட்டோடு வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள்.

"ஒருத்தர்கூட ஒழுங்காப் பண்ணலை" என்றாள். "நீங்க ஒருக்களிச்சிருக்கீங்க சார், மல்லாக்கப் படுக்கணும். இவரு பரவாயில்லை, ஆனா மூக்கைச் சுளிக்கிறாரு."

"ஏம்மா, நீங்க யாரு? தள்ளிப் போங்க, வாயு கசிஞ்சிருக்கு" என்றார் தீயணைப்பு அதிகாரி.

"வாயுவும் இல்லை, ஒண்ணும் இல்லை. தொந்தரவு பண்றவங்க யாரோ அவங்க போயிட்டா இவங்க தானா எழுந்துடுவாங்க."

அதிகாரி முகமூடியைக் கழற்றினார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டமும் டீச்சரும் சேர்ந்து ஆய்வாளர் அம்மாவைப் பார்த்தார்கள்.

ஆய்வாளர் அம்மாவின் முகம் சிவந்து, கறுத்து, மறுபடி சிவந்தது. தன் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். வண்டி தெருமுனை திரும்பியதும் முதலில் எழுந்தது முதலாளிதான். யாரையும் பார்க்காமல் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "போங்க, போங்க, வேலையைப் பாருங்க" என்றார், யாரிடம் என்று இல்லாமல். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

வாயு சோதனை முடியும்வரை ஷோரூமை ஒரு வாரம் மூடச் சொல்லி மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கறுப்புக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பின்னால் பதினைந்து தட்டான்கள் தெருமுனைவரை பறந்துபோய், அங்கே குழம்பி நின்று, குட்டைப் பக்கம் திரும்பின.

சரிங்க வீட்டில் இருந்தார். நாற்பத்து மூன்று வயதில் முதல் முறையாக எந்தப் பக்கமிருந்தும் ஒரு வேலையும் இல்லை. கிளிக்கு மட்டும் மூன்று தடவை தண்ணீர் மாற்றினார்.

மாலையில் மனைவி வேலையிலிருந்து வந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள், பதினெட்டு வருடமாக இருட்டறையில் உட்கார்ந்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பதுதான் தொழில். கை கால் கழுவினாள். அடுப்பில் பாலை வைத்தாள். ஒரு தட்டு நிறையப் பட்டாணியை எடுத்துக்கொண்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

சரிங்க நாற்காலியிலிருந்து விழுந்தார்.

அவள் எழுந்துகொள்ளவில்லை. பட்டாணியை உரித்துக்கொண்டே பேசினாள். "கீழேயே கிடங்க, பரவாயில்லை. மயக்கத்துல இருக்கறவங்களுக்குக் கண்ணுமணி இமைக்குள்ள இப்படி அங்கயும் இங்கயும் ஓடாது. முதல் நாளே பாத்துட்டேன். என் தம்பியோட குழல்லேர்ந்து தப்பிச்சா போதும்னு நானும் வாயைத் திறக்கலை."

தரையில் இருந்தவர் அசையவில்லை. ஆனால் காது மடல் சிவந்தது.

"கேக்க வேண்டியது இதுதான். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க கடைக்கு வந்தீங்க. இந்த வில்லையா, அந்த வில்லையான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் சரிங்கன்னீங்க. தப்பான பவர்ல கண்ணாடி போட்டுட்டுப் போய்த் தூண்ல முட்டிக்கிட்டு ரெண்டாவது தடவை வந்தீங்க. மூணாவது தடவை வந்தப்போ, எனக்கு எப்படித்தான் தைரியம் வந்துச்சோ, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். சரிங்கன்னீங்க." ஒரு பட்டாணி உருண்டு அவர் தோளருகே போய் நின்றது. "அன்னைலேர்ந்து எனக்கு இந்தச் சந்தேகம். நீங்க சொன்னது நெஜமான சரியா? இல்ல, எல்லார்கிட்டயும் சொல்ற சரிங்கவா? இதுவா, அதுவா?"

கிளி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

"யார் கேட்டிருந்தாலும் சரிங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் சரிங்க, கண்ணைத் திறக்காமல்.

அவள் விரல்கள் நின்றன.

"ஆனா அந்த மூணாவது தடவை எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லை" என்றார். "பவரு சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு பஸ் மாறி வந்தேன். என்னை யாரும் வரச் சொல்லலை. யாரும் சொல்லாம நானா எங்கேயாவது போனது அன்னைக்கு மட்டும்தான்."

அவள் உருண்டுபோன பட்டாணியை எடுத்துத் தட்டில் போட்டாள். பிறகு, "இது தெளிவா இருக்கு" என்று அவள் சொன்னது, கடையில் சொல்கிற அதே தொனியில்தான் இருந்தது. குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்தது.

சரிங்க கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் யாரையும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாததால், வார்த்தையை எப்படிக் கோப்பது என்று சற்றுத் தடுமாறினார்.

"அது சரி. தப்பான பவர்ல கண்ணாடி போட்டுட்டுத் தூண்ல முட்டிக்கிட்டு வந்த ஒரு ஆளை, நீ எதைப் பாத்துக் கல்யாணத்துக்குக் கேட்டே?"

மனைவி அவரைப் பார்த்தாள். தட்டைப் பத்திரமாகச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, நாற்காலியின் மேல் வைத்தாள். பிறகு, ஒரு சின்ன ஓசைகூட எழாமல், மல்லாந்து, கைகளை மடக்கிக்கொண்டு தரையில் விழுந்தாள். சரிங்க குனிந்து அவள் இமைகளை உற்றுப் பார்த்தார். உள்ளே ஒன்றும் ஓடவில்லை. உதட்டோரம் மட்டும் ஒரு பக்கமாக, மிக மெல்ல, மேலே ஏறிக்கொண்டிருந்தது.

உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. சரிங்க போய் அணைத்துவிட்டு வந்து, அவள் எழும்வரைக்கும் மிச்சமிருந்த பட்டாணியை உரித்தார்.